நிழலுக்குச் சம்மதம் கேட்டவர்

எங்கள் வீட்டு முன்புறத்தில் அப்போது ஒரு புல்கூடக் கிடையாது. வீடு கட்டியபோது மிஞ்சிய ஜல்லியும் செம்மண்ணும் இறுகிப்போன வெறும் தரை. அதில் தோட்ட வேலைக்கு வந்த அவர் கேட்டிலிருந்து வாசற்படி வரை நடந்து வருவார். பாதி வழியில் தலையைக் குனிவார். இரண்டு எட்டு குனிந்தபடியே வைப்பார். பிறகு நிமிர்ந்து நடப்பார். முதல் நாள் ஏதோ முதுகுப் பிடிப்பு என்று விட்டுவிட்டேன். அடுத்த முறையும் அதே இடத்தில் குனிந்ததும் கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க, அங்க என்ன இருக்குது?"

"கெளைங்க," என்றார். "ரெண்டாவது கெளை சித்தத் தாழ வருதுங்க. பொறகு கவாத்துப் பண்ணிப்போடலாம்."

"எந்த மரத்துக் கெளைங்க?"

"வந்துட்டு இருக்குதுங்க," என்றார்.

கேலியாகச் சொன்னாரோ என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் தெரியவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர், பஸ் மருதமலை ரோட்டில் வந்துகொண்டிருக்கிறது என்று பக்கத்தில் நிற்பவருக்குச் சொல்கிற குரல்தான் அது.

நான் பாலிடெக்னிக்கில் இருபத்தாறு வருடம் கணக்கு எடுத்தவள். இல்லாத ஒன்றை எக்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த எக்ஸுக்குத் தலை குனிந்து வழிவிட்டவர் என் வாழ்க்கையில் இவர் ஒருவர்தான்.

அவர் பெயர் தோட்டக் கம்பெனிக் காகிதத்தில் எங்கேயோ இருந்திருக்கும். நான் படித்துப் பார்க்கவில்லை. எங்கள் பக்கத்தில் 'ஏனுங்க' என்று ஒரு சொல் இருக்கிறவரை யாருக்கும் பெயர் தேவைப்படுவதில்லை. நான் அவரை ஏனுங்க என்றேன், அவர் என்னை ஏனுங்க என்றார். என் வீட்டுக்காரரையும் நான் ஏனுங்க என்றுதான் கூப்பிடுகிறேன். நாங்கள் மூவரும் ஒரே இடத்தில் நின்றால், ஒருவர் கூப்பிட இரண்டு பேர் திரும்புவோம்.

அந்தக் கம்பெனியை இணையத்தில் தேடிப் பிடித்துக் கொடுத்தவள் பெங்களூரில் இருக்கும் என் மகள். வீட்டுத் தோட்டத்தை வடிவமைத்து, நட்டு, ஒரு வருடம் மாதம் இரண்டு முறை ஆள் அனுப்பிப் பராமரிப்பார்கள் என்று ஒப்பந்தம். முதலில் ஒரு டிசைனர் பெண் வந்து லேப்டாப்பைத் திறந்து எங்கள் வீட்டையே எனக்குக் காட்டினாள். பச்சைப் பசேல் என்று லான், ஓரத்தில் அலங்காரப் பனை, நடுவில் சின்ன நீரூற்று. பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. அந்தப் படத்தில் எதற்குமே நிழல் இல்லை. அது அன்று எனக்குத் தோன்றவில்லை. சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை இவர் வந்தார். அறுபதை நெருங்கும் வயது. கம்பெனி கொடுத்த கிளிப்பச்சை டீ-ஷர்ட், அதன்மேல் தோளில் ஒரு வெள்ளைத் துண்டு. செருப்பைக் கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். "மண்ணுதானுங்க, போட்டுட்டே வாங்க" என்பேன். "ஆமாங்க, மண்ணுதானுங்க" என்று ஒத்துக்கொள்வார். கழற்றிவிட்டுத்தான் வருவார். கையில் ஒரு பிளாஸ்டிக் பக்கெட், அது நிறையச் சுண்ணாம்புப் பொடி.

அன்று முழுக்க வட்டம் போட்டார். இங்கே செண்பகம், அங்கே மாதுளை, கிழக்கு மதிலை ஒட்டிப் புங்கன். புங்கன் டிசைனில் கிடையாது. பனை இருக்க வேண்டிய இடத்தில் அதை அவராகத்தான் கொண்டுவந்தார். வட்டம் என்றால் குழி அளவுக்குப் போடுவார் என்று நினைத்தேன். இவர் மரம் முழுதாக வளர்ந்து விரிந்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவு பெரிதாகப் போட்டார். வாசலில் பாதி வெள்ளையாகிவிட்டது.

"எட்டு நாளு இதுக்குள்ள பொழங்கிப் பாருங்க," என்றார். "எடைஞ்சலா இருந்தாச் சொல்லுங்க. மரம் வந்த பொறகு தள்ளி வெக்க முடியாதுங்களே."

எனக்கு எரிச்சலாக இருந்தது. தெருவில் போகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பால்காரர் கேட்டருகே தயங்கி நின்று, "ஏதாச்சும் பூசைங்களா?" என்று கேட்டேவிட்டார். என் வீட்டுக்காரர் முதல் நாள் விழுந்து விழுந்து சிரித்தார். பம்ப் பட்டறை நடத்துகிறவர் அவர். கையில் எடைபோட்டுப் பார்க்க முடியாத எதையும் நம்பாத மனிதர். நாலாம் நாள் காலை சமையலறை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு வட்டத்தைச் சுற்றி வளைந்து வளைந்து போய்க்கொண்டிருக்கிறார். நான் பார்த்துவிட்டது தெரிந்ததும், "புங்கன் மேல எதுக்கு ஏத்தோணும்னுதான்," என்றார்.

அந்த எட்டு நாட்கள் கனவு போலத்தான் இருந்தன. வீட்டில் இல்லாத மரங்களுக்கு நடுவே நாங்கள் இருவரும் நடமாடினோம். பேப்பர் எடுக்கப் போகும்போது மாதுளையைச் சுற்றிப் போனேன். செண்பகத்தின் பக்கம் வந்தால் என்னை அறியாமல் மூச்சை இழுத்தேன். கணக்கு வாத்தியாருக்கு இப்படி ஆகலாமா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஆனாலும் நான் அவர்மேல் புகார் கொடுத்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வியாழக்கிழமை அவர் மதியம் இரண்டு மணிக்கு வந்தார். பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். ஐந்து மணி வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். நடுவில் நாலைந்து முறை பக்கெட்டைக் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்தியதோடு சரி. நான் கம்பெனிக்குப் போன் போட்டு, உட்காருவதற்கா ஆள் அனுப்புகிறீர்கள் என்று கேட்டேன். என் குரல் வகுப்பறையில் எப்படியிருக்குமோ அப்படி இருந்திருக்கும்.

அடுத்த முறை வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக என்னிடம் வந்தார். "போன தடவ நான் உக்காந்தே இருந்தேன்னு சொன்னீங்களாமாங்க?"

சண்டைக்குத் தயாராகத்தான் நின்றேன். "ஆமாங்க, சொன்னேன்."

"உக்காந்துதானுங்க இருந்தேன்," என்றார். "மூணு மணி நேரம். நின்னு பாத்தா நெழலு எங்க உழுகோணும்னு தெரியாதுங்க. நெழல்ல யாருங்க நிக்கறாங்க? எல்லாரும் உக்காரத்தான வாராங்க." அவ்வளவுதான். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அவர் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

இப்போது கிழக்கு மதிலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மதிலுக்கு அந்தப் பக்கம் என் அக்கா வீடு. அப்பா தன் மனையை இரண்டாகப் பிரித்து மேற்குப் பாதியை எனக்கும் கிழக்குப் பாதியை அக்காவுக்கும் எழுதிவைத்தார். அக்கா முதலில் வீடு கட்டினாள். நான் பின்னால் கட்டினேன். இரண்டு மனைக்கும் நடுவில் அம்மா வைத்த ஒரு வேம்பு நின்றது. என் வீட்டுக்குக் கார் நிறுத்துமிடம் போடும்போது அது குறுக்கே வந்தது. நான் டேப் பிடித்து அளந்தேன். மரம் எல்லைக்கோட்டிலிருந்து இரண்டடி என் பக்கம் இருந்தது. என் பக்கம்தானே என்று ஒரே நாளில் வெட்டிப் போட்டேன். அக்கா ஏதோ கல்யாணத்துக்கு ஈரோடு போயிருந்தாள்.

திரும்பி வந்தவள் சத்தம் போடவில்லை. "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? நானே வெட்டுன்னுதான சொல்லியிருப்பேன்," என்றாள். அதற்கு நான் டேப்பைக் காட்டினேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அக்காவிடம் போய் டேப்பைக் காட்டினேன். அதோடு அவள் என்னிடம் பேச்சை விட்டாள். ஆறு வருடம். பிறந்த நாளிலிருந்து என்னை அம்மணி என்றே கூப்பிட்டவள், யாரிடமாவது என்னைப் பற்றிச் சொல்ல வேண்டி வந்தால் 'அவங்க' என்று மரியாதையாகச் சொல்ல ஆரம்பித்தாள். அந்த மரியாதையைத் தாங்க என்னால் முடியவில்லை. ஆனால் நானும் வாயைத் திறக்கவில்லை. டேப் என் பக்கம் இருந்ததே. ஒவ்வொரு பொங்கலுக்கும் போகலாம் என்று நினைப்பேன். கேட் வரை போய், தெருவைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்துவிடுவேன்.

இது எதுவும் அவருக்குத் தெரியாது. அவருக்கு இருந்த கவலையெல்லாம் புங்கனைப் பற்றியது. வட்டம் மதிலில் வந்து முட்டி நின்றுவிட்டது. கையில் சுண்ணாம்போடு மதிலருகே வெகுநேரம் நின்றார். எட்டி அந்தப் பக்கம் பார்த்தார்.

"ஏனுங்க, அங்க வெறும் வெயில்ல ஒரு கல்லு பெஞ்சு கெடக்குதுங்களே," என்றார்.

"இருக்கும்," என்றேன்.

"வெயில்ல யாரும் பெஞ்சு போட மாட்டாங்க. இங்க ஏதோ இருந்திருக்குதுங்க."

எனக்கு அடுப்பில் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். கீழே அக்கா வீட்டு வாசலில் கிளிப்பச்சை டீ-ஷர்ட். காய்ந்த போர்வைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கேட்டேன். என் வயதுக்கு அது அழகில்லைதான்.

அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தலை முழுக்க நரைத்திருந்தது. நேருக்கு நேர் பார்க்காததால் அதுவரை எனக்கு அது தெரியவில்லை.

"பக்கத்து ஊட்டுல ஒரு புங்கன் வெக்கலாம்னு இருக்குதுங்க," என்றார் அவர். "பொழுதோட நாலு மணிக்கு அதோட நெழலு உங்க எடத்துல உழுகுமுங்க. உங்களுக்குச் சம்மதமான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"நெழலுக்கா?"

"ஆமாங்க. இங்க வெயில் வேணுமுங்களா? மொளகா, வடாம் ஏதாச்சும் காயப்போடறீங்களா?"

அக்கா அவரையே பார்த்தாள். "இத அவங்க கேக்கச் சொன்னாங்களா?"

அவர் யோசித்தார். நான் போர்வையை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்றும் கெஞ்சினேன்.

"சொல்லலீங்க," என்றார். "கேக்க வேண்டாம்னும் சொல்லலீங்க."

மலைப் பக்கமிருந்து காற்று வந்து துணிகள் எல்லாம் படபடத்தன. பிறகு அவள் குரல் வேறுமாதிரி கேட்டது. "எப்ப வரும்?"

"அஞ்சாறு வருசத்துல நல்லா விரிஞ்சுருமுங்க. வந்துட்டுத்தானுங்க இருக்குது."

"அப்ப நான் இருப்பனோ என்னமோ."

"பெஞ்சு இருக்குமுங்க," என்றார் அவர், ஆறுதல் சொல்கிற குரலில். அக்கா சிரித்துவிட்டாள். ஆறு வருடத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை மாடியில் ஒளிந்துகொண்டு கேட்டேன்.

"எங்க உழுகும்னு காட்டிட்டுப் போங்க," என்றாள்.

அவர் அவள் வாசலில் சுண்ணாம்பால் இரண்டு உருவம் போட்டார். ஆனி மாதத்து நாலு மணி நிழல் சமையலறை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. மார்கழி நிழல் துணிக்கம்பி பக்கம் நகர்ந்திருந்தது. இரண்டும் சேர்கிற இடத்தில் கல் பெஞ்சு. "ஆறு மணிக்கு மேல நமக்கு வேலையில்லீங்க, மேக்க இருக்கற மலை பாத்துக்கும்," என்று சொல்லிவிட்டு வந்தார்.

படியிறங்கிப் போய் வாசலிலேயே அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"யாரக் கேட்டு அங்க போனீங்க?"

அவர் திகைத்துப் போனார். "நெழலு அங்க உழுகுதுங்களே."

"மரம் எம்பட எடத்துலதான வருது?"

"மரம் உங்க எடத்துலதானுங்க," என்றார். "நெழலு?"

பிறகு அவராகவே சொன்னார். அவருடைய அப்பா ஆனைமலைப் பக்கம் பிறத்தியார் தோப்புகளில் வேலை செய்தவராம். அங்கே வரப்போரம் மரம் வைக்கிறவர் பக்கத்துக் காட்டுக்காரரைக் கேட்டுவிட்டுத்தான் வைப்பாராம். நிழலடித்தால் அந்த ஓரத்தில் வெள்ளாமை எழும்பாது. "மரத்த யாரு வேணா வெக்கலாமுங்க. நெழலுக்குத்தான் சம்மதம் வேணும். எங்கப்பன் அப்படித்தான் பண்ணும். எனக்கு வேற மாதிரி தெரியாதுங்க."

"உங்களுக்குன்னு மரம் எத்தன இருக்குதுங்க?" என்று குத்தலாகத்தான் கேட்டேன்.

"எம்படது ஒண்ணுமில்லீங்க. லைன் ஊட்டுல குடியிருக்கறேன், தொட்டி வெக்கக்கூட எடமில்லீங்க," என்றார். குத்தினது அவருக்குத் தெரியவேயில்லை.

அந்த இடத்தில் புங்கன் வேண்டாம், பனையே போதும் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். அன்றைக்கு நான் சமைத்தது எதுவும் வாயில் வைக்க விளங்கவில்லை என்று வீட்டுக்காரர் சொன்னார். வேம்பு யார் பக்கம் நிற்கிறது என்று அளந்தேன். நிழல் யார் பக்கம் விழுகிறது என்று நான் அளக்கவில்லை. கணக்கு வாத்தியாருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். காலையில் நிழல் என் பக்கம் விழுகிற நேரம் நான் கல்லூரிக்குக் கிளம்பிவிடுவேன். பொழுதோடு மரத்தின் நிழல் முழுக்க அக்கா வாசலில் கிடக்கும். அவள் அந்த பெஞ்சில் உட்கார்ந்து கீரை ஆய்வாள், காபி குடிப்பாள், சும்மா இருப்பாள். வேம்பின் தண்டு மட்டும்தான் என்னுடையதாக இருந்தது.

அவர் அடுத்த முறை வந்து புல் பதித்தார். செண்பகமும் மாதுளையும் நட்டார். பனைக்குக் குழி எடுக்கச் சொன்னபோது, "மழ பாத்து வெக்கலாமுங்க," என்று தள்ளிப்போட்டார். கேட்டிலிருந்து வரும்போது மட்டும் அதே இடத்தில் குனிந்துகொண்டுதான் இருந்தார். எனக்கு அது பயமாகக்கூட இருந்தது. வேண்டாம் என்று சொன்ன மரத்துக்கு ஒரு மனிதர் வரும்போதெல்லாம் வழிவிட்டுக்கொண்டிருந்தால் அது எங்கே போகும்?

சித்திரையில் கோடை மழை ஒன்று சரியாகப் பிடித்தது. இரவு முழுக்கப் பெய்து, காலையில் எங்கள் வாசலில் புல் மூடாமல் மிஞ்சியிருந்த சுண்ணாம்புக் கோடும் பாக்கியில்லை. மாடியில் தேங்கிய தண்ணீரைத் தள்ளப் போனவள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். அக்கா வாசலில் இரண்டு நிழலும் அப்படியே இருந்தன. ஈரத் தரையில் பளிச்சென்ற வெள்ளைக் கோடு.

அவர் வந்து மறுபடி போட்டாரா? அன்று திங்கட்கிழமை. அவர் வியாழன்தான் வருவார்.

மறுநாள் விடிந்ததும் மாடிக்குப் போய் நின்றேன். அக்கா வாசல் தெளித்து, கேட்டுக்கு முன்னால் நாலு புள்ளி வைத்துக் கோலம் போட்டாள். கோலப்பொடிக் கொட்டாங்குச்சியை எடுத்துக்கொண்டு வீட்டுப் பக்கவாட்டுக்கு வந்தாள். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, அந்த நிழலின் ஓரத்தை மெதுவாகத் திரும்பப் போட்டுக்கொண்டு வந்தாள். ஓரிடத்தில் வளைவு தப்பிவிட்டது. காலால் அழித்துவிட்டு மறுபடி போட்டாள்.

நான் மாடித் தரையில் உட்கார்ந்து அழுதேன். முந்தின நாள் தள்ளாமல் விட்ட தண்ணீரில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்பது எழுந்தபிறகுதான் தெரிந்தது.

அன்று பொழுதோடு பார்த்தேன். நாலு மணி வெயில் தீயாகக் கொளுத்துகிறது. அக்கா பெஞ்சில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை அவர் வந்ததும், "புங்கனே கொண்டுவாங்க," என்றேன்.

"சரிங்க," என்றார். காரணம் கேட்கவில்லை. கன்றை ஏற்கெனவே கொண்டுவந்து கேட்டுக்கு வெளியே வைத்திருக்கிறாரோ என்று தோன்றும்படி ஒரு முகம்.

அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவாக இல்லை. அரைச் சர்க்கரை போட்ட டீ குடிப்பார். மகளை சத்தியமங்கலத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். பறவைகள் வந்தால் நிமிர்ந்து பார்க்க மாட்டார், சத்தத்தை மட்டும் கேட்டுத் தலையாட்டுவார். ஒரு வருட ஒப்பந்தம் முடிந்து நாங்கள் புதுப்பித்தபோது வேறு ஆட்கள் வந்தார்கள். வந்ததற்கு ஒரு போட்டோ, போவதற்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, நடுவில் இருபது நிமிடத்தில் புல்லை வெட்டிவிட்டுப் போனார்கள். இவரைக் கேட்டுப் போன் செய்தேன். "அவரு நின்னுட்டாருங்க மேடம், கொஞ்சம் ஸ்லோவுங்க," என்றார்கள். நான் கொடுத்த புகாரும் அதில் சேர்ந்திருக்கும் என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

அதன்பிறகு ஒரே ஒருமுறை பார்த்தேன். பார்த்தேனா என்றும் நிச்சயமில்லை. அவிநாசி ரோட்டில் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். புதிதாகத் தரை சமன்செய்த ஒரு பெரிய காலி மனை. நடுவில் ஒருவர் போய்க்கொண்டிருந்தார். தோளில் வெள்ளைத் துண்டு. திடீரென்று அவர் குனிந்தார், இரண்டு எட்டு வைத்தார், நிமிர்ந்தார். பஸ் வேகமெடுத்துவிட்டது. பக்கத்து சீட்டில் இருந்தவரிடம், அங்கே ஒரு மரம் வருகிறது என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

அந்தப் புங்கனை நட்ட நாளை இன்னும் சொல்லவில்லை.

வைகாசி. அவர் குழி எடுத்துக்கொண்டிருந்தார். நான் டீ கொண்டுபோனபோது மண்வெட்டியை நிறுத்திவிட்டு எதையோ கையால் பறித்து எடுத்தார். கட்டைவிரல் தடிமனில் ஒரு காய்ந்த வேர். மண்ணைத் துடைத்து முகர்ந்து பார்த்தார்.

"வேம்புங்களா?"

"ஆமாங்க."

"கேட்டுப்போட்டு வெட்டுனீங்களா?" என்று கேட்டுவிட்டு மதிலைப் பார்த்தார்.

"இல்லீங்க," என்றேன்.

அவர் வேரை மதில்மேல் வைத்தார். கன்றின் கவரைக் கிழித்து, மண்கட்டி உடையாமல் குழிக்குள் இறக்கி, நேராகப் பிடித்துக்கொண்டார். நான் மண் தள்ளப் போனேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

"நெழலுக்கு நான் கேட்டுப்போட்டனுங்க. வெட்டுனதுக்கு நான் கேக்க முடியாதுங்களே," என்றார். "மரத்த நான் புடிச்சுட்டு நிக்கறேன். நீங்க போயிட்டு வாங்க."

இப்படி ஒருவர் குழிக்குள் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் என்ன செய்வது? போய்த்தான் ஆக வேண்டும். கேட்டைத் திறந்தேன், தெருவைப் பார்த்தேன், திரும்பவில்லை. அக்கா வீட்டுக் கேட்டுக்கு இருபது எட்டு இருக்கும். ஆறு வருடம் ஆனது அதற்கு.

அக்கா வெயிலில் பெஞ்சில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள். நான் அவளுக்கு முன்னால் போய் நின்றேன். பாடம் மறந்துபோன பிள்ளை மாதிரி எல்லாம் மறந்துவிட்டது.

"ஒரு வார்த்த கேட்டுட்டுப் போலாம்னு வந்தனுங்கக்கா," என்றேன்.

"என்னத்த?"

"ஒரு புங்கன் வெக்கட்டுமான்னு." கல் பெஞ்சைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "அன்னைக்கே கேட்டிருக்கோணும். அந்த வேம்புக்கு."

அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மதிலுக்கு மேலே கன்றின் உச்சி இலைகள் மட்டும் தெரிந்தன. கொஞ்சமும் அசையாமல் நின்றன.

"அங்க அவரு மரத்தப் புடிச்சுட்டே நிக்கறாருக்கா," என்றேன், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

"நிக்கட்டும். நீ உக்காரு," என்றாள்.

பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். கல் கொதித்தது. வெயில் இருவர் தலையிலும் ஒரே மாதிரி அடித்தது. அக்கா முறத்தை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கீரைத் தண்டை ஆய்ந்தாள். பிறகு குனிந்து தரையைப் பார்த்தாள். கோலப்பொடிக் கோடு என் காலுக்கு இந்தப் பக்கம் ஓடியது.

"சித்த இங்கிட்டுத் தள்ளி உக்காரு அம்மணி," என்றாள். "நெழலுக்கு வெளிய உக்காந்திருக்கற பாரு."

நான் கோட்டுக்குள் நகர்ந்து உட்கார்ந்தேன்.